ஒரு பொட்டுகூட மிச்சம் இருக்காது

உக்காருங்க அம்மணி. அந்த ஸ்டூல் வேண்டாங்க, ஒரு கால் ஆடும். இந்த நாற்காலியில உக்காருங்க. ஃபேன் ஓடுது, காத்துத்தான் வராது. ஈரோட்டு வெயிலுக்கு ஃபேன் என்னங்க பண்ணும்?

உங்க லேப்டாப்பை மாட்டி விட்டுட்டேனுங்க. திரையில பச்சைக் கோடு ஒண்ணு ஓடுது பாருங்க, அது இந்த முனையில இருந்து அந்த முனைக்குப் போகணும். முக்கா மணி நேரம் ஆகும். அவசரப்பட்டா இந்த வேலை சுத்தமா வராது.

என்ன கேட்டீங்க? ஒண்ணும் மிச்சம் இருக்காதுங்களேன்னா?

ஒரு நிமிசம் இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

இல்லீங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லை. இதே கேள்வியை, இதே நாற்காலியில உக்காந்து ஒருத்தங்க கேட்டாங்க. சித்திரை மாசம். அதுல இருந்து யார் இப்படிக் கேட்டாலும் எனக்கு அவங்க நெனப்புத்தான் வருது. நீங்க கேக்கறது தப்பில்லீங்க. கேக்கத்தான் வேணும். நீங்க வெளியூராட்டம் தெரியுது, என்னைப் பத்தி ஒண்ணும் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேள்விப்பட்டவங்க இப்ப இந்தப் படியே ஏறறதில்லை. அதனால நீங்களே பொது ஆளா இருந்து சொல்லுங்க. எம் மேல தப்பா?

முதல்ல தொழிலைச் சொல்லிப் போடறேன். பழைய கம்ப்யூட்டரை விக்கறவங்க என்ன பண்றாங்க? எல்லா ஃபைலையும் குப்பைத் தொட்டியில போட்டு, அதையும் காலி பண்ணிட்டு, அழிச்சாச்சுங்கறாங்க. கொஞ்சம் வெவரமானவங்க ஃபார்மேட் பண்ணிட்டோம்பாங்க. மேலாப்புல ஒரு ஃபார்மேட் போடறது என்ன தெரியுங்களா? புஸ்தகத்துல பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிறது. உள்ள பக்கமெல்லாம் அப்படியே இருக்கும். வாங்கினவன் கொஞ்சம் கைவேலை தெரிஞ்சவனா இருந்தா உங்க பேங்க் பாஸ்வேர்டுல இருந்து உங்க பாப்பா குளிக்கற போட்டோ வரைக்கும் எடுத்துப் போடுவான். நான் அப்படி விட மாட்டேனுங்க. முதல்ல எல்லாக் கணக்குல இருந்தும் வெளிய வரச் சொல்லுவேன், மெயில், அது, இது. அப்பறம் டிஸ்க்கு பூராவும் மேல மேல எழுதி அழிப்பேன். புது மாதிரி டிஸ்க்குன்னா அதுக்கு வேற மொறை இருக்கு, அதைப் பண்ணுவேன். எல்லாம் முடிஞ்சு, தொலைஞ்சதை மீட்டு எடுக்கற சாஃப்ட்வேர் ஒண்ணை ஓட்டிப் பாப்பேன். அதுக்கு ஒண்ணும் கெடைக்கலைன்னாத்தான் ரசீதுல கையெழுத்துப் போடுவேன். "முழுவதும் அழிக்கப்பட்டது. சென்னியப்பன்." பதினோரு வருசமா இந்தக் கையெழுத்து மேல ஒரு புகார் வந்ததில்லீங்க.

வந்ததில்லைன்னா, ரெண்டாவது வருசம் ஒண்ணு வந்துச்சு. புகார்னு சொல்ல முடியாது. ஒரு பையன் கம்ப்யூட்டரை வித்துட்டுப் போனான். அழிச்சேன். அடுத்த மாசம் பவானி ரோட்டுல லாரி அடிச்சு அந்தப் பையன் போயிட்டான். அவங்கம்மா வந்தாங்க. பையன் அதுல பாட்டுப் பாடிப் பாடிப் பதிஞ்சு வெச்சிருந்தானாம், குடுங்கன்னாங்க. எங்க போறது? நான்தான் சுத்தமா தொடைச்சுட்டனே. கால்ல விழுந்தாங்க. இல்லைன்னேன். எந்திரிச்சு வாசலுக்குப் போயி, குனிஞ்சு, ரெண்டு கையிலயும் மண்ணை அள்ளி, கடையைப் பாத்துத் தூத்திட்டுப் போனாங்க. "எம் பையன் கொரலை அழிச்சவன் நல்லா இருப்பானா"ன்னு.

பூசணிக்காய் ஒடைச்சேன், கோயிலுக்குப் போனேன். மனசு ஆறலை. அந்த மண்ணு பல்லுக்குள்ள நறநறன்னு இருக்கறாப்பல ஆறு மாசம் இருந்துச்சுங்க. அதுக்கு அப்பறம்தான் ஒரு முடிவு பண்ணினேன். இனி யார் அழிக்கக் குடுத்தாலும், அழிக்கறதுக்கு முன்னாடி தனி டிஸ்க்குல ஒரு பேக்கப் எடுத்து வெச்சுக்கறது. அதோ, அந்த இரும்பு பீரோவுல. ஒவ்வொரு டிஸ்க்குலயும் பேர் எழுதி ஒட்டி.

இருங்க, இருங்க. அதைச் சொல்லத்தானே வர்றேன். முழுசாக் கேளுங்க. உங்க வேலை அது பாட்டுக்கு நடக்குது.

எதுக்கு வெச்சேன்? விக்கறதுக்கா? தொறந்து பாக்கறதுக்கா? ஒருநாளும் நான் பாத்ததில்லீங்க. கண்ணுல பட்டது உண்டு. பேர் ஒட்டணும்னா உள்ள யாருன்னு தெரியணுமில்லைங்களா, அதுக்கு ரெண்டு போட்டோ பாப்பேன், அவ்வளவுதான். அதுல இருந்து இது வரைக்கும் ஆறு பேர் திரும்பி வந்து கேட்டிருக்காங்க. ஒருத்தர் கல்யாண வீடியோ. ஒருத்தர் நெலத்துப் பத்திரம். எடுத்துக் குடுத்தப்ப கையெடுத்துக் கும்பிட்டாங்க. முன்னாடியே சொன்னா வீணாப் பயந்துக்குவாங்க, அதனால யார்கிட்டயும் சொல்றதில்லை.

சரி, அந்த டீச்சர் கதைக்கு வர்றேன்.

ரேணுகாதேவின்னு பேரு. இங்கதான் ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். ஒம்பது வயசுல ஒரு பொண்ணு, தன்ஷிகா. அம்மாவும் பொண்ணுமாத்தான் வந்தாங்க. சித்திரை வெயில்ல முழங்கை தாண்டி ரவிக்கை. எனக்கே வேர்த்து ஊத்துது, அந்தம்மா முந்தானையை வேற இழுத்துப் போர்த்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. போன் அடிச்சாப் போதும், தூக்கிவாரிப் போடும். எடுக்கவும் மாட்டாங்க. சில பேர் அப்படித்தானுங்க, பயந்த சுபாவம்.

பழைய கம்ப்யூட்டரைக் குடுத்துட்டு, நம்மகிட்ட இருந்த சின்ன லேப்டாப் ஒண்ணை எடுத்துக்கறேன்னாங்க. செகண்ட் ஹேண்ட்தான், ஆனா நல்ல பீஸ். எடுத்ததும் உங்களாட்டமே கேட்டாங்க, "ஒண்ணும் மிச்சம் இருக்காதுங்களே?" இருக்காதுன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி. "யார் வந்து கேட்டாலும் இருக்காதுங்களே?" இருக்காதுன்னேன். கெளம்பறப்ப மூணாவது தடவை. நான் சிரிச்சுக்கிட்டே, "டீச்சர், ஒரு பொட்டுகூட மிச்சம் இருக்காது, எழுதியே தர்றேன்"னேன். அன்னைக்கு மட்டும் அழிக்கறதுக்கு முன்னாடியே ரசீதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

பேச்சுக் குடுக்கலாம்னு, "டீச்சர் எந்தக் கோயிலுங்க?"ன்னு கேட்டேன். நம்ம பக்கத்துல கேக்கறதுதானுங்களே, குலதெய்வம் எதுன்னு தெரிஞ்சா முறை தெரியும், பங்காளியா மாமன் மச்சானான்னு. அதுக்கு அந்தம்மா, "அது எதுக்குங்க இப்ப?"ன்னுட்டாங்க. வெடுக்குன்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா வேலையில அதைக் காட்டலீங்க.

அந்த லேப்டாப்பை நான் செட்டப் பண்ணின அழகைச் சொல்லணும். அதுக்கு முன்னாடி வெச்சிருந்தவரோட எதுவும் இல்லாம தொடைச்சு, புதுசா விண்டோஸ் போட்டு, அப்டேட் எல்லாம் ஏத்தி, எங்க இருக்கோம்னு காட்டிக் குடுக்கற லொகேஷனை அணைச்சு வெச்சேன். கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினேன். பழைய மெயில் வேண்டாம், புதுசுன்னாங்க. யூசர் பேர் என்ன போடட்டும்னு கேட்டேன். யோசிச்சாங்க. அந்தப் பொண்ணுதான், "வீடுன்னு போடுங்க மாமா"ன்னுச்சு. 'வீடு'ன்னே போட்டேன். டீச்சர் அன்னைக்கு அந்த ஒரு தடவைதான் சிரிச்சாங்க. பாஸ்வேர்டு அடிக்கறப்ப நான் எந்திரிச்சு அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். அந்த நாணயம் எங்கிட்ட உண்டுங்க.

பழைய கம்ப்யூட்டரை சாயந்தரம் அழிச்சேன். மூணு தடவை. அதுக்கு முன்னாடி, வழக்கம்போல, பேக்கப். பேர் ஒட்டறதுக்காகப் பாத்தப்ப தென்காசின்னு ஒரு ஃபோல்டர் கண்ணுல பட்டுச்சு. குத்தாலம் பக்கந்தானே, லீவுல சுத்திப் பாக்கப் போறாங்களாட்டம்னு நெனைச்சேன்.

வைகாசி பொறந்து பத்து நாள் இருக்கும். ஒருத்தர் வந்தாரு. வெள்ளைச் சட்டை, நெத்தி நெறைய திருநீறு. செருப்பை வாசல்லயே கழட்டி விட்டுட்டு உள்ள வந்தாருங்க. கம்ப்யூட்டர் கடைக்குள்ள யாருங்க செருப்பைக் கழட்டறாங்க? நீங்க கழட்டினீங்க, அதுக்கே உங்க மேல எனக்கு ஒரு மரியாதை. அவரும் கழட்டினாரு. "அண்ணா, நான் மோகனசுந்தரம். ரேணுகா டீச்சர் வீட்டுக்காரர்"னாரு. நம்ம கடைப் பேர் போட்ட மஞ்சப்பை வீட்டு ஆணியில தொங்குச்சாம், அதை வெச்சு வந்திருக்காரு.

சின்னச் சண்டைங்கண்ணா, கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிருக்கா, வந்துருவான்னாரு. பாப்பாவோட போட்டோ பூரா அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சாம். "பொறந்ததுல இருந்து எடுத்த போட்டோண்ணா. எங்கிட்ட ஒண்ணுகூட இல்லை"ன்னு சொல்லி, அந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதாரு. ஆம்பளை அழுதா எனக்குத் தாங்காதுங்க.

கேட்டேன், "எந்தக் கோயிலுங்க நீங்க?" கொஞ்சங்கூட யோசிக்கலை. தலையைத் தூக்கினாரு. "கரைமேட்டு அங்காளம்மன்ணா"ன்னாரு.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்க கோயிலுங்க அது! அப்ப பங்காளி. எனக்குத் தம்பி முறை. டீ வாங்கிக் குடுத்தேன். பங்காளி கண்ணீர் விடறப்ப, பீரோவுல வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொன்னா அது பொய்யில்லைங்களா? நான் பொய் சொல்ற ஆளில்லீங்க. போட்டோவை மட்டும் பொறுக்கிக் குடுக்கலாம்னா, அடுத்தவங்க வீட்டுப் பொருளை நான் எதுக்குங்க நோண்டணும்? அதனால டிஸ்க்குல இருந்ததை அப்படியே ஒரு பென் டிரைவுல போட்டுக் குடுத்தேன். என் ரெண்டு கையையும் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாதுங்க. அந்தப் பையனோட அம்மா தூத்தின மண்ணை இன்னைக்குத் தொடைச்சுட்டோம்னு நெனைச்சேன். வீட்டுக்குப் போயி என் சம்சாரத்துகிட்டயும் சொன்னேன். அவதான், "அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா. புருசன் பொண்டாட்டிக்குள்ள என்னடி கேக்கறதுன்னேன்.

ஆனி மாசம் டீச்சர் வந்தாங்க. தனியா.

வந்து உக்காரலை. கைப்பையில இருந்து ரசீதை எடுத்து மேசை மேல வெச்சாங்க. "இது உங்க கையெழுத்துதானுங்களே?"ன்னாங்க. ஆமான்னேன். "அப்ப தென்காசி வீட்டு அட்ரஸ் அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எனக்குப் புரியலைன்னதும் அவங்களே சொன்னாங்க. டீச்சர் தென்காசியில வீடு புடிச்சு, அங்கயே வேலை தேடி, பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்காங்க. கூடப் பொறந்தவங்களுக்குக்கூடச் சொல்லலையாம். வீட்டு ஒப்பந்தம், அட்மிஷன் ஃபாரம் எல்லாம் அந்த ஃபோல்டர்ல இருந்திருக்கு. பள்ளிக்கூடம் தொறந்து மூணாவது நாள் இவரு போயிருக்காரு. அப்பான்னு சொல்லி, ஆதாரைக் காட்டி, பாட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. போனவரு வீட்டுக்கும் வரலை, வேலைக்கும் வரலை. போனை அணைச்சுட்டாரு.

நான் நடந்ததைச் சொன்னேனுங்க. மறைக்கலை. பேக்கப் எதுக்கு எடுக்கறேன்னு, அந்த அம்மா மண்ணு தூத்தினதுல இருந்து சொன்னேன். கேட்டுக்கிட்டே நின்னாங்க. "மூணு தடவை கேட்டனே"ன்னாங்க. அவ்வளவுதான். திட்டலை. வாசலுக்குப் போனாங்க. எனக்கு உயிரே இல்லை, இப்பக் குனியப் போறாங்க, இப்ப அள்ளப் போறாங்கன்னு பாத்துக்கிட்டே நிக்கறேன். குனியலீங்க. முந்தானையை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போயிட்டாங்க. முந்தானையைத் தூக்கினப்ப ரவிக்கைக் கை மேல ஏறுச்சு, அப்பத்தான் அந்தக் கையைப் பாத்தேன். முழங்கைக்கு மேல வரி வரியா பழைய தழும்பு.

தூத்தியிருந்தாங்கன்னா எனக்கு ஒரு கணக்குத் தீந்திருக்கும். ஒண்ணுமே சொல்லாமப் போனா மனுசன் என்னங்க பண்றது?

ஸ்டேஷன்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க. டீச்சரோட டிஸ்க்கை எடுத்துக்கிட்டாங்க. பக்கத்துக் கடைக்காரங்க பேச்சைக் கொறைச்சுக்கிட்டாங்க. ஆடி நோம்பிக்கு நான் கோயிலுக்குப் போனேன். எப்படியும் அவர் வருவாரு, பங்காளிக வராம இருக்க மாட்டாங்க, கையோட புடிச்சு, பொண்ணை அவங்கம்மாகிட்ட விடுடான்னு சொல்லலாம்னு போனேன். நாள் பூரா கோயில் வாசல்லயே நின்னேன். பெரியவங்ககிட்ட விசாரிச்சேன். "மோகனசுந்தரமா? அப்படி யாரும் நம்ம கோயில்ல கெடையாதப்பா"ன்னுட்டாங்க.

திரும்பி வந்து என் நாற்காலியில உக்காந்தனுங்க. அந்த ஸ்டூலைப் பாத்தேன், அப்பறம் அவரு தலையைத் தூக்கினாரே, அந்தத் திசையைப் பாத்தேன். நீங்களும் பாருங்க. என் தலைக்கு மேல என்ன மாட்டியிருக்கு? அங்காளம்மன் படம். கீழ கொட்டை எழுத்துல ஊர் பேரோட. படிச்சிருக்காருங்க! என் செவுத்துல இருந்ததைப் படிச்சு எனக்கே சொல்லியிருக்காரு. எப்படி ஏமாத்திட்டாரு பாருங்க என்னை. சாமி பேரைச் சொல்லி ஏமாத்திட்டாரு. இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஏமாந்தது நானு. ஆனா ஊரு என்னைத்தான் பேசுது.

ஆவணியும் வந்தாச்சு. அந்தப் பொண்ணு இன்னும் கெடைக்கலீங்க. மாமான்னு சொன்ன கொரல் காதுலயே இருக்கு. எல்லா டிஸ்க்கையும் கொண்டு போயி நொறுக்கிப் போடுங்கன்னு என் சம்சாரம் சொன்னா. சுத்தியல்கூட வாங்கியாந்தேன். பீரோவைத் தொறந்தா ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு பேரு. எப்படிங்க அடிக்கறது? நாளைக்கு ஒரு தாய் வந்து நின்னா? நொறுக்கலை. அதுல இருந்து அவ போனை எடுத்துக்கிட்டுத்தான் குளிக்கப் போறா. இருவது வருசம் எங்கூடக் குடும்பம் நடத்தினவ. முன்னயெல்லாம் மேசை மேல அப்படியே போட்டுட்டுப் போவா. அதுதான் எனக்குப் பொறுக்கலை.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கிட்டேனுங்க. தப்பு எங்க நடந்துச்சு? குடுத்ததுல. வெச்சதுல இல்லை. அதனால பீரோவுக்கு நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டேன். இனிமே குடுத்தவங்களே நேர்ல வந்தாத்தான். அப்பனே வந்தாலும், எந்தக் கோயில்னு சொன்னாலும் கெடையாது.

அட, பேசிக்கிட்டே இருந்ததுல கவனிக்கலை, பச்சைக் கோடு நெறைஞ்சுடுச்சு பாருங்க. முடிஞ்சுது. இனித்தான் அழிக்க ஆரம்பிக்கணும்.

ஆமாங்க. இனித்தான். இது வரைக்கும் ஓடினது பேக்கப்புங்க. அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? ஒயரைப் புடுங்காதீங்க அம்மணி, டிஸ்க்கு கெட்டுப் போயிரும்... சரி, எடுத்துக்கங்க. அந்த பேக்கப் டிஸ்க்கு என்னோடதுதான், பரவால்லை, அதையும் எடுத்துக்கங்க. லேப்டாப்பைப் பையில வெச்சு எடுத்துட்டுப் போங்க, மழை வர்றாப்பல இருக்கு. உங்க நல்லதுக்குத்தானுங்க பண்ணினேன். நாளைக்கு ஒண்ணுன்னா நீங்களே வந்து... ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எம் மேல தப்பா? திட்டவாவது திட்டிட்டுப் போங்க அம்மணி.

அம்மணி! வாசல்ல எதுக்குங்க குனியறீங்க? வேண்டாங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அதை மட்டும்...

செருப்பா?

செருப்பு மாட்டத்தானுங்களா? மாட்டுங்க, மாட்டுங்க. நான் மண்ணுன்னு நெனைச்சுட்டேன்.